ஹோபர்ட்டின் இரண்டாவது சாவி

"இந்த முறை முடிவு என்னுடையது!"

ஒரு வியாழக்கிழமை காலை முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து உரக்கச் சொன்னேன். கண்ணாடியில் இருந்தவர் நம்பினார். எங்கள் வீட்டில் நம்பியது அவர் ஒருவர்தான்.

விஷயம் இதுதான். எங்கள் பழைய கார் அன்றைக்கு மூன்று வாரம் முன்பு நெடுஞ்சாலையில் புகை கக்கி உயிரை விட்டது. ஓட்டிக்கொண்டிருந்தவள் என் மனைவி டார்லா. என்ஜினில் சொட்டு ஆயில்கூட இல்லை என்றான் மெக்கானிக். எங்கள் வீட்டில் ஆயில் ஊற்றுவது என் பொறுப்பு. நான் ஊற்றிய ஞாபகம் நன்றாக இருந்தது, ஆனால் மெக்கானிக்கின் முன் ஞாபகம் எடுபடுமா? டார்லா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு அப்போதே லேசாக உதைத்தது.

ஆக, புதிதாக ஒரு வண்டி வாங்கவேண்டும். ஒன்றே ஒன்று. எனக்கு டர்போ பிக்கப் வேண்டும், பின்னால் சரக்கேற்றத் திறந்த தொட்டி வைத்த உயரமான வண்டி. டார்லாவுக்குச் சிவப்பு ஸ்போர்ட் செடான் வேண்டும்.

நான் ஏன் பிக்கப்புக்கு அப்படித் துடித்தேன் என்று கேட்பீர்கள். டெக்சஸின் வட மூலையில், அமரில்லோவுக்கு நாற்பது மைல் தள்ளி எங்கள் ஊர். நான் அங்கே இருபத்திரண்டு வருடமாக வண்டி விற்கிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஓட்டும் பிக்கப் வெண்டல் என்கிற நான் இந்தக் கையால் விற்றது. அந்த வெண்டலிடம் பிக்கப் கிடையாது. சர்க்கரை வியாதிக்காரன் மிட்டாய்க்கடை நடத்துகிற கதைதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வெளியே ஆண்கள் எல்லாரும் அவரவர் பிக்கப்பின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவார்கள். எனக்கு ஊன்ற இடமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். வெட்கமாக இருக்கும்.

வண்டி வாங்குகிறவர்களின் மனசு எனக்கு அத்துப்படி. செடான் வாங்க வருகிறவர் குரலைத் தாழ்த்திப் பேசுவார். 'மைலேஜ் என்ன வரும்?' என்று வாய் கேட்கும், கால் அதற்குள் ஆக்ஸிலரேட்டரைத் தேடும். வெளியே பார்த்தால் குடும்பக் கார், மிதித்தால் பந்தயக் குதிரை. அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் பண்ணுகிற பாவத்தில் ஒரு ருசி இருக்கிறதல்லவா, அதுதான் செடான். பிக்கப் வாங்க வருகிறவர் நேர் எதிர். மார்பை நிமிர்த்தி 'எத்தனை டன் இழுக்கும்?' என்று கேட்பார். இழுக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் கடையைச் சாத்தவேண்டும். ஆறு டன் இழுக்கிற வண்டியில் எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஒரு பை ஆரஞ்சுப் பழம் வைத்துக்கொண்டு போகிறார்.

டர்போ என்றால் என்ன என்பார்கள். கறி சுடுகிற அடுப்பை ஊதினால் குப்பென்று பிடிக்குமே, அதுதான் என்பேன். மிதித்தால் என்ஜின் ஊளையிடும். காலை எடுத்தால் 'ஷ்ஷ்ஷ்' என்று பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சுக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. சிலர் அதோடு நிற்காமல் தங்கள் பெயரையே நம்பர் பிளேட்டாகப் போடச் சொல்வார்கள். மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் அடித்து அனுப்ப ஆறு வாரம் ஆகும், பொறுமையாக இருங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

யாராவது வாங்கமாட்டேன் என்றால் என்னிடம் ஓர் அஸ்திரம் உண்டு. "வாங்கவே வேணாங்க. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க, திங்கட்கிழமை கொண்டாந்து விட்டுடுங்க" என்பேன். அவ்வளவுதான். இரண்டு நாள் வீட்டு வாசலில் நின்ற வண்டி திரும்பி வராது. நான் கெஞ்சியது போய், அவர் என்னிடம் கெஞ்சுவார்.

ஹோபர்ட் டிம்ஸ் கிழவருக்கு அப்படித்தான் விற்றேன். எண்பத்தொரு வயது. ஐந்தடி இரண்டங்குலம். சாம்பல் நிறத் தொப்பியைத் தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டார் என்று பேச்சு. மாடுகளை எல்லாம் விற்றுப் பத்து வருடமாகியும் ரேடியோவில் மாட்டுச் சந்தை விலை கேட்காமல் அவருக்குப் பொழுது விடியாது. அவர் மனைவி மிஸ் மேவிஸ் ஏற இறங்கத் தாழ்வான ஒரு சின்னக் கார்தான் கேட்டாள். (எங்கள் பக்கம் கல்யாணமான பாட்டிகளையும் மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம்.) நான் ஒரு வெள்ளிக்கிழமை மழைமேக நிறப் பிக்கப் ஒன்றை அவர்கள் வாசலில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு மிஸ் மேவிஸ் சமையலறை ஸ்டூலைப் போட்டுத்தான் வண்டி ஏறினாள். தேவாலய வாசலில் அவள் ஸ்டூலும் கையுமாக நிற்பதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம்.

டிசம்பரில் ஹோபர்ட் போய்விட்டார். எங்கள் கார் செத்த அதே வாரம் மிஸ் மேவிஸ் பிக்கப்பை எங்கள் கடையில் கொடுத்துவிட்டுச் சின்னக் கார் ஒன்று எடுத்துக்கொண்டாள். அவள் கொடுத்தது ஒரே ஒரு சாவி.

"இன்னொரு சாவி எங்க மிஸ் மேவிஸ்?"

"ஹோபர்ட்டோட கோட்டுப் பையில இருந்துச்சுப்பா."

"சரி, கோட்டு எங்க?"

அவள் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தாள். எங்கள் ஊருக்கு மேற்கே கல்லறைத் தோட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"போட்டுக்கிட்டே போயிட்டார்" என்றாள்.

நான் படிவத்தில் 'சாவி: ஒன்று' என்று எழுதினேன். இந்தக் காலத்து வண்டிகள் ஒவ்வொரு சாவிக்கும் ஓர் ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளும். யாருடைய சாவியோ அவருடைய இருக்கை, அவருடைய கண்ணாடி, அவருடைய ரேடியோ. பழைய ஆளின் ஞாபகத்தை அழித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் வண்டியைக் கொடுக்கவேண்டும். அதை அழிக்கிற வேலையும் என்னுடையதுதான். அந்த வண்டியின் அழகில் மயங்கி மறந்துபோனேன்.

கண்ணாடி முன் சபதம் எடுத்த மறுநாள், வெள்ளிக்கிழமை மாலை, அந்தப் பிக்கப்பை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். என் அஸ்திரத்தை என் மனைவி மேலேயே விட்டேன். டார்லா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது ஹோபர்ட் வண்டி இல்ல?"

"வாங்கவே வேணாம் டார்லா. திங்கட்கிழமை வரைக்கும் சும்மா நிக்கட்டும்."

"சரி."

"நீ என்ன சொன்னாலும் சரி, இந்தத் தடவ நான்... என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன். திங்கட்கிழமை எது வேணும்னு நீயே சொல்லு. நீ சொல்றதுதான்."

பத்தொன்பது வருட வாழ்க்கையில் டார்லா முதல் சொல்லிலேயே சரி என்றது கிடையாது. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டபோதுகூட ஒரு நிமிடம் யோசித்தாள்.

அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் தடவிப் பார்த்தாள்.

"பாவம். மூணே மாசந்தான் ஓட்டினார். ஆசை தீர்ந்திருக்காது."

"செத்தவங்களுக்கு ஆசை ஏது?"

"அதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த 'அதானே' எனக்குப் பிடிக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை. காற்று வீசியது. எங்கள் ஊர்க் காற்றைத் தடுக்க மரமும் கிடையாது, மலையும் கிடையாது. காப்பிக் கோப்பையோடு பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தேன். என்ஜினைப் போடவில்லை. நான் ஆறடி மூன்றங்குலம். முந்தின நாளே இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்திருந்தேன். எதிர்வீட்டு ஃபுளாய்ட் தோட்டத்திலிருந்து பார்க்கவேண்டும் என்பதற்காக முழங்கையை ஜன்னலில் ஊன்றினேன். சொர்க்கம்.

'க்ளிக்' என்று கதவுப் பூட்டுகள் தாமாகத் திறந்த சத்தம் கேட்டது.

இருக்கை நகர்ந்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல், முன்னால். என் முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் போய் முட்டியது. இருக்கை நிற்கவில்லை. மேலே ஏறியது. தலை கூரையில் இடித்தது. காப்பி மடியில் கொட்டியது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டும் திரும்பி, என்னைவிட ஓரடி குள்ளமான யாருடைய கண்ணுக்கோ வாகாகக் குனிந்துகொண்டன. வண்டியின் திரை ஒளிர்ந்தது.

'வருக, ஹோபர்ட். இரண்டாம் சாவி அருகில் உள்ளது.'

அதைத் தொடர்ந்து ரேடியோ தானாகவே மாட்டுச் சந்தை விலையைச் சொல்ல ஆரம்பித்தது.

அலறினேன் என்று ஃபுளாய்ட் ஊரெல்லாம் சொல்கிறான். இல்லை. வயிறு ஹாரனில் அழுந்தியதால் வந்த சத்தம் அது. அவன் ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்து என்னை வெளியே எடுத்தான்.

"ஏம்ப்பா வெண்டல், குள்ளன் சீட்ல ஏன் போய் உக்காந்தே?"

"நான் போகலடா. அது வந்துச்சு. திரையைப் பாரு!"

ஃபுளாய்ட் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் தன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"ரெண்டாவது சாவி எங்க இருக்கு?"

நான் மேற்கே கையைக் காட்டினேன். அவன் அந்தப் பக்கம் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், பிறகு தன் வீட்டைப் பார்த்து நடையைக் கட்டினான். அன்றைக்கு முழுவதும் அவன் வெளியே வரவில்லை.

உள்ளே டார்லா சமையலறை ஜன்னலுக்கு அருகே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பேன்ட்ல?"

"காப்பி."

"ஹோபர்ட் இருந்தா திட்டியிருப்பார். வண்டிக்குள்ள யாராவது காப்பி குடிச்சா அவருக்கு ஆகாதாம். மிஸ் மேவிஸ் சொல்வாங்க."

"டார்லா, நீ பேய் பிசாசெல்லாம் நம்புறியா?"

"சேச்சே" என்றாள். ஒரு பட்டாணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஆனா ஹோபர்ட் வேற."

அன்று மாலை ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். பயந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாதே. மிதித்தேன், ஊளையிட்டது. காலை எடுத்தேன், 'ஷ்ஷ்ஷ்' என்றது. நான் ஆயிரம் பேருக்கு விற்ற அதே பெருமூச்சுதான். ஆனால் அன்று அது என்ஜினிலிருந்து வரவில்லை, என் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. காலை எடுக்காமலே வீடு வந்து சேர்ந்தேன். பிரேக் பிடிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நடந்தே போகலாம் என்றேன். வெயில் நல்லதாம் என்று காரணமும் சொன்னேன். டார்லா மறுபடியும் சரி என்றாள். தேவாலயத்தில் அவளும் மிஸ் மேவிஸும் ஒரே பாட்டுப் புத்தகத்தில் பாடினார்கள். மிஸ் மேவிஸ் என்னைத் திரும்பிப் பார்த்து அன்பாகச் சிரித்தாள்.

மதியம் கோழி வறுவல் சாப்பிடும்போது புழுதிக்காற்று கிளம்பியது. பட்டப்பகலில் வானம் செங்கல் நிறமாகி, ஜன்னல் முழுவதும் மங்கிப்போனது. டார்லா துணி மடிக்கப் படுக்கையறைக்குப் போனாள். நான் தனியாக எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் என்ஜின் உறுமியது.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். இருந்தது. ஜன்னலுக்குப் போனேன். புழுதிக்குள் பிக்கப்பின் விளக்குகள் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டின. கண்ணாடிகள் குனிந்தன. மாட்டுச் சந்தை விலை காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. எல்லாவற்றையும்கூடப் பொறுத்திருப்பேன். ஓட்டுநர் இருக்கையில், ஸ்டியரிங்குக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு தொப்பி தெரிந்தது.

தொப்பிக்குக் கீழே ஆள் இருந்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று என் உடம்பில் ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்று சொன்னது. படுக்கையறைக்கு ஓடினேன்.

"டார்லா! செடான் எடுத்துக்கலாம்!"

அவள் ஒரு போர்வையின் இரண்டு முனைகளையும் நிதானமாகச் சேர்த்தாள்.

"என்ன திடீர்னு? உனக்குப் பிக்கப்தானே ஆசை."

"இல்ல இல்ல. செடான்தான் நல்லது. தாழ்வா இருக்கும், ஏற இறங்கச் சுகம்."

"எத்தனை டன் இழுக்கும்?"

"நம்மகிட்ட இழுக்க என்னடி இருக்கு!"

"வேணாம் வெண்டல். என்னால உன் ஆசை கெடவேணாம். ஊர்ல நாலு பேர் என்ன சொல்வாங்க, பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுறான்னு."

"சொன்னா சொல்லட்டும்! உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். அந்தச் சிவப்பு வண்டியை வாங்கிக்க டார்லா. தயவுபண்ணு."

வெளியே என்ஜின் சத்தம் நின்றது.

"நீ இவ்வளவு தூரம் சொல்றதால..." என்றாள் டார்லா.

திங்கட்கிழமை காலை பிக்கப்பைக் கடையில் விட்டேன். இருக்கையில் தொப்பி இல்லை. டார்லா சிவப்புச் செடானில் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையைத் திருத்தவில்லை, கண்ணாடியைத் திருப்பவில்லை. எல்லாம் அவளுக்கு அளவாகவே இருந்தது. அமரில்லோ மருத்துவமனையில் அவளுக்கு நர்ஸ் வேலை, நாற்பது மைல். அரைமணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். எப்படியோ, பேயிடமிருந்து குடும்பத்தைக் காப்பாற்றினேன் என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. தலைவலி மாத்திரை தேடி அவள் கைப்பையில் கையை விட்டேன். மாத்திரைக்குப் பதிலாக ஒரு சாவி வந்தது. தோல் பட்டையில் 'ஹோபர்ட் டிம்ஸ்' என்று சூடு போட்டிருந்தது.

சாவியில் நான்கு பொத்தான்கள். கதவு திறக்க ஒன்று. மூட ஒன்று. விளக்குக்கு ஒன்று. தூரத்திலிருந்தே என்ஜினைப் போட ஒன்று. நான் இவற்றை ஆயிரம் பேருக்கு விளக்கியிருக்கிறேன். அரை மைலுக்கு வேலைசெய்யும் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சமையலறை ஜன்னலுக்கும் வாசலுக்கும் முப்பதடிதான்.

"டார்லா! இது கல்லறையில இல்ல இருக்கணும்?"

"யார் சொன்னா?"

"மிஸ் மேவிஸ்! கோட்டுப் பையில இருந்துச்சுன்னு!"

"இருந்துச்சு. பெட்டியை மூடறதுக்கு முன்னாடி எடுத்துட்டாங்க. அப்புறம் எங்கிட்டக் குடுத்தாங்க. ஸ்டூல் தூக்கின கைக்கு ரொம்ப நாளா உனக்கு ஏதாவது செய்யணும்னு இருந்துச்சாம்."

"அப்போ சீட்டை நகத்தினது நீ!"

"ஒரே ஒரு பொத்தான்."

"ரேடியோ? கண்ணாடி?"

"அதெல்லாம் ஹோபர்ட் வச்சது. நீ அழிக்காம விட்டது."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதியும் வந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை! பிக்கப் இன்னும் கடையில்தான் நிற்கிறது. இப்போதே ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தால்? செருப்பை மாட்டினேன்.

"நல்லா நடிச்சே டார்லா. அந்தத் தொப்பிதான் உச்சம். எங்க புடிச்சே அதை?"

டார்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தத் தொப்பி?"

அவள் முகத்தையே பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாகப் பொய் சொல்கிற முகங்களோடு தொழில் பண்ணுகிறவன் நான். அந்த முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே காற்று எழும்பி, வாசல் கதவை ஒருமுறை தட்டிவிட்டுப் போனது. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

கதவு மறுபடி தட்டியது. இந்த முறை தபால்காரர். டார்லா பெயருக்குத் தட்டையாக, கனமாக ஓர் உறை. மேலே ஆஸ்டின் முத்திரை. பிரித்தேன். பளபளவென்று புத்தம் புதிய நம்பர் பிளேட். அதில் நம்பர் இல்லை. 'டார்லா' என்று பெரிய எழுத்தில் பெயர்தான் இருந்தது.

"அப்பாடா, வந்துடுச்சா!" என்று பிடுங்கிக்கொண்டு அவள் சிவப்புக் காரை நோக்கி ஓடினாள்.

அடித்து அனுப்ப ஆறு வாரம். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணினேன். ஆறு வாரத்துக்கு முன்னால் எங்கள் பழைய கார், நான் ஊற்றிய ஆயிலோடு, ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.